தராசு யார் கையில்?

அமெரிக்காவில் பிப்ரவரி மாதத்தின் மூன்றாவது திங்கட்கிழமை ‘ஜனாதிபதிகள் தினம்’ என்று கடைப்பிடிக்கப்படுகிறது. அந்நாளையொட்டி, வரலாற்றாசிரியர்களும் அரசியல் அறிவியல் பேராசிரியர்களும் மதிப்பெண் இட்டுத் தயாரித்த ஜனாதிபதிகளின் தரவரிசைப் பட்டியல் வெளியாவதுண்டு. 2024 பிப்ரவரியில் அவ்வாறு வெளியான பட்டியல் ஒன்றில் 154 அறிஞர்கள் பங்கேற்றனர். முதலிடம் ஆபிரகாம் லிங்கனுக்கு. அப்போது பதவியில் இருந்த ஜோ பைடனுக்கு 14-ஆவது இடம். மொத்தம் 45 பேரில் கடைசி இடம் டொனால்டு டிரம்புக்கு.

அந்தப் பட்டியல் வெளியான நாட்களில் காஸாவில் கொல்லப்பட்டோரின் எண்ணிக்கை 28 ஆயிரத்தைக் கடந்திருந்தது. இஸ்ரேலுக்கு ஆயுதம் வழங்குவதில் முதலிடத்தில் இருந்த நாடு அமெரிக்கா; அதற்கு ஒப்புதல் அளித்தவர் 14-ஆவது இடத்தில் வைக்கப்பட்டவர். அதே ஆண்டு நவம்பரில், கடைசி இடத்தில் வைக்கப்பட்டவரை அமெரிக்க வாக்காளர்கள் மீண்டும் ஜனாதிபதியாகத் தேர்ந்தெடுத்தனர். காஸாவின் தாய்மார்களுக்கும் அந்தப் பட்டியல் எதையும் சொல்லவில்லை. அமெரிக்கத் தொழிலாளியின் மனதில் என்ன நடக்கிறது என்பதையும் அது காட்டவில்லை. அப்படியானால் அது எதைத்தான் அளந்தது?

டிரம்ப் கடைசி இடத்தில் வைக்கப்பட்டார் என்ற செய்தியை மகிழ்ச்சியோடு பகிர்ந்துகொண்ட முற்போக்காளர்கள் நம் நாட்டிலும் உண்டு. அந்த மகிழ்ச்சி புரிந்துகொள்ளக்கூடியதே. ஆயினும், தலைவர்களை நிறுத்துப் பார்க்கும் தராசு யார் கையில் இருக்கிறது, அதில் இடப்படும் எடைக்கற்கள் யாருடையவை என்ற கேள்வியைத் தள்ளிவைத்துவிட்டு முடிவை மட்டும் ஏற்றுக்கொள்வது நமக்குப் பொருந்துமா? அமெரிக்கப் பட்டியல்களின் 75 ஆண்டு வரலாறே இக்கேள்விக்குப் போதுமான விடையை வைத்திருக்கிறது.

பட்டியல் பிறந்த கதை

இத்தகைய தரவரிசையைப் பெரிய அளவில் தொடங்கிவைத்தவர் ஹார்வர்டு பல்கலைக்கழக வரலாற்றுப் பேராசிரியர் ஆர்தர் ஷெல்சிங்கர். 1948-இல் 55 அறிஞர்களிடம் கருத்துக் கேட்டு, அதன் முடிவை ‘லைஃப்’ பத்திரிகையில் வெளியிட்டார். ஜனாதிபதிகள் ‘மகத்தானவர்’, ‘ஏறத்தாழ மகத்தானவர்’, ‘சராசரி’, ‘சராசரிக்கும் கீழ்’, ‘தோல்வியுற்றவர்’ என ஐந்து வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டனர். லிங்கன், வாஷிங்டன், பிராங்க்ளின் ரூஸ்வெல்ட், வுட்ரோ வில்சன், ஜெபர்சன், ஆண்ட்ரூ ஜாக்சன் ஆகிய அறுவர் மகத்தானவர்கள். யுலிசிஸ் கிராண்டும் வாரன் ஹார்டிங்கும் தோல்வியுற்றவர்கள். 1962-இல் அதே பேராசிரியர் 75 அறிஞர்களைக் கொண்டு மீண்டும் ஒரு பட்டியல் தயாரித்தார். 2000-ஆம் ஆண்டு முதல் சி-ஸ்பான் தொலைக்காட்சி நிறுவனம், ஆட்சி மாற்றம் நிகழும் ஒவ்வொரு முறையும் இதை நடத்தி வருகிறது. 2021-இல் அதில் பங்கேற்றவர்கள் 142 பேர்.

இவர்கள் அரைகுறை ஆட்கள் அல்லர். ஆவணக் காப்பகங்களில் ஆண்டுக்கணக்கில் உழைத்தவர்கள். பலர் நேர்மையான ஆய்வாளர்கள். ஆகவே, பட்டியலின் குறைபாட்டை அவர்களின் தனிப்பட்ட நேர்மையின்மையில் தேட வேண்டியதில்லை. நேர்மையான அறிஞர்கள் கூடி இடும் மதிப்பெண்ணிலும் ஆளும் வர்க்கத்தின் பார்வை எவ்வாறு குடியேறுகிறது என்பதே நாம் ஆராய வேண்டியது. அதற்கு ஒரே ஒரு மனிதரின் வாழ்க்கையை உரைகல்லாகக் கொள்வோம்.

டெப்ஸ் என்னும் உரைகல்

யூஜின் டெப்ஸ் அமெரிக்க ரயில்வே தொழிலாளர் சங்கத்தைக் கட்டியவர். 1894-இல் சிகாகோ அருகே புல்மன் ரயில் பெட்டி நிறுவனம், கூலியைக் குறைத்துவிட்டு, தொழிலாளர் குடியிருப்பின் வாடகையை மட்டும் குறைக்க மறுத்தது. வேலைநிறுத்தம் வெடித்தது. டெப்ஸின் சங்கம் அதற்குத் தோள் கொடுத்ததும் நாட்டின் பெரும்பகுதியில் ரயில் போக்குவரத்து முடங்கியது. அப்போதைய ஜனாதிபதி குரோவர் கிளீவ்லேண்ட், மாநில ஆளுநரின் எதிர்ப்பையும் மீறி மத்தியப் படைகளை அனுப்பினார். தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர், போராட்டம் நசுக்கப்பட்டது, டெப்ஸ் ஆறு மாதம் சிறையில் அடைக்கப்பட்டார். 1948-ஆம் ஆண்டுப் பட்டியலில் கிளீவ்லேண்ட் ‘ஏறத்தாழ மகத்தானவர்’.

அடுத்து, முதல் உலகப் போர். சோஷலிஸ்ட் கட்சியின் தலைவராகியிருந்த டெப்ஸ், 1918 ஜூன் 16 அன்று ஒஹையோ மாநிலத்தின் கேன்டன் நகரில் போரை எதிர்த்து உரையாற்றினார். போரை அறிவிப்பவர்கள் ஒரு வர்க்கம், அதில் சாபவர்கள் வேறொரு வர்க்கம் என்பதே அவ்வுரையின் சாரம். அந்த ஓர் உரைக்காக அவருக்குப் பத்தாண்டு சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. தண்டனைக்கு வழிவகுத்த உளவுச் சட்டத்தை 1917-இல் கொண்டுவந்து, 1918-இல் மேலும் கடுமையாக்கியது வுட்ரோ வில்சனின் அரசு. அட்லாண்டா சிறையில் கைதியாக இருந்தபடியே டெப்ஸ் 1920-இல் ஜனாதிபதித் தேர்தலில் போட்டியிட்டார். ஒன்பது லட்சத்துக்கும் அதிகமானோர் அந்தக் கைதிக்கு வாக்களித்தனர். போர் முடிந்து, கைதியின் உடல்நிலை தளர்ந்து, வில்சனின் சொந்த அட்டர்னி ஜெனரலே தண்டனைக் குறைப்புக்குப் பரிந்துரைத்தபோதும் வில்சன் மறுத்துவிட்டார். பட்டியலில் வில்சன் ‘மகத்தானவர்’.

டெப்ஸின் தண்டனையைக் குறைத்து 1921 கிறிஸ்துமஸ் நாளில் அவரை விடுவித்தவர் வாரன் ஹார்டிங். பட்டியலில் அவர் ‘தோல்வியுற்றவர்’.

ஹார்டிங் தொழிலாளர் நண்பர் அல்லர், பெருமுதலாளிகளின் கட்சிக்காரர், அவருடைய சகாக்கள் எண்ணெய் வயல் ஊழலில் சிக்கியவர்கள். டெப்ஸை விடுவிக்க வேண்டும் என்று நாடெங்கும் நடந்த கையெழுத்து இயக்கங்களும் ஆர்ப்பாட்டங்களுமே அந்தக் கதவைத் திறந்தன. அவரைப் புகழ்வது இங்கு நோக்கமல்ல. தொழிலாளர் தலைவரைச் சிறையிலிட்ட இருவர் பட்டியலின் மேல் வரிசையிலும், விடுவித்தவர் கடைசி வரிசையிலும் நிற்கிறார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். டெப்ஸைச் சிறையிட்டதற்காக அறிஞர்கள் அவர்களுக்கு மதிப்பெண் கொடுக்கவில்லை. அதைவிட மோசமானது நிகழ்ந்தது: மகத்துவத்தைக் கணக்கிடும்போது அச்சிறைவாசம் ஒரு பொருட்டாகவே படவில்லை.

மதிப்பெண் அட்டையின் வர்க்கக் குணம்

ஏன் பொருட்டாகப் படவில்லை? சி-ஸ்பான் பயன்படுத்தும் மதிப்பெண் அட்டையைப் பார்த்தால் விளங்கும். மொத்தம் பத்து அளவுகோல்கள்: மக்களை இணங்கவைக்கும் ஆற்றல், நெருக்கடிக் காலத் தலைமை, பொருளாதார மேலாண்மை, அறநெறி அதிகாரம், சர்வதேச உறவுகள், நிர்வாகத் திறன், நாடாளுமன்றத்துடனான உறவு, தொலைநோக்கு, அனைவருக்கும் சம நீதிக்கான முயற்சி, தம் காலச் சூழலில் செயல்பட்ட விதம். ஒவ்வொன்றுக்கும் நூறு மதிப்பெண், மொத்தம் ஆயிரம்.

அனைவருக்கும் சம நீதி என்பது பத்தில் ஒன்று. அடிமை முறை, இன ஒதுக்கல், பூர்வகுடிகளின் அழிப்பு, பெண்களுக்கு வாக்குரிமை மறுப்பு ஆகிய அத்தனைக்கும் சேர்த்து ஆயிரத்தில் நூறு. நாடாளுமன்றத்துடன் இணக்கமாக நடந்துகொள்வதற்கும் அதே நூறு. தொழிற்சங்க உரிமை, கூலி, வேலைநேரம் ஆகியவற்றுக்குத் தனி இடமே இல்லை; அவை ‘பொருளாதார மேலாண்மை’ என்ற சொல்லுக்குள் மறைந்துவிடுகின்றன. யாருக்கான பொருளாதாரம் என்று அந்த அட்டை கேட்பதில்லை. 1981 ஆகஸ்டில் வேலைநிறுத்தம் செய்த 11 ஆயிரத்துக்கும் மேற்பட்ட விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு ஊழியர்களை ஒரே ஆணையில் வேலைநீக்கம் செய்து, முதலாளிகளின் தாக்குதலுக்குப் பச்சைக்கொடி காட்டிய ரொனால்டு ரீகன் 2021 பட்டியலில் 9-ஆவது இடத்தில் இருக்கிறார்.

நிர்வாகத் திறன், நெருக்கடிக் காலத் தலைமை போன்றவை நடுநிலையான சொற்களாகத் தோன்றும். அவை ஆட்சிப் பீடத்திலிருந்து பார்க்கும் சொற்கள். அரசு எந்திரம் எவ்வளவு சீராக ஓடியது என்பதை அவை அளக்கின்றன. அந்த எந்திரத்தின் சக்கரத்தில் சிக்கியவர் யார் என்பதை அளப்பதில்லை.

அட்டையில் இன்னொரு வெற்றிடமும் உண்டு. அமெரிக்க ஜனாதிபதியின் முடிவுகளால் உயிர் இழந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் அமெரிக்கர் அல்லாதவர்கள். ஹிரோஷிமா, நாகசாகி மீது அணுகுண்டு வீச ஆணையிட்ட ஹாரி ட்ரூமன் 6-ஆவது இடம். 1953-இல் ஈரானில் எண்ணெயை நாட்டுடைமையாக்கிய மொசாதேயின் அரசையும், 1954-இல் குவாத்தமாலாவில் நிலச்சீர்திருத்தம் செய்த ஆர்பென்ஸின் அரசையும் சி.ஐ.ஏ. மூலம் கவிழ்த்த ஐசனோவர் 5-ஆவது இடம். வியட்நாமில் லட்சக்கணக்கான துருப்புகளை இறக்கிய லிண்டன் ஜான்சன் 11-ஆவது இடம். தெஹ்ரானிலும் ஹனோயிலும் குவாத்தமாலா நகரிலும் இந்த மதிப்பெண் அட்டையைக் கொடுத்திருந்தால் எத்தகைய வரிசை கிடைத்திருக்கும் என்பதை ஊகிக்க வரலாற்றுப் பட்டம் தேவையில்லை.

இறந்தவர்கள் ஏன் இடம் மாறுகிறார்கள்?

பட்டியல்கள் மாறாதவை அல்ல. கிராண்ட் 1885-இல் இறந்தார். ஆயினும் 2000-ஆம் ஆண்டில் 33-ஆவது இடத்தில் இருந்த அவர், 2021-இல் 20-ஆவது இடத்துக்கு ஏறிவிட்டார். ஆண்ட்ரூ ஜாக்சன் அதே காலத்தில் 13-இலிருந்து 22-க்கு இறங்கினார். வில்சன் 6-இலிருந்து 13-க்கு இறங்கினார். கல்லறைக்குப் போனபின் இவர்கள் எந்தச் சட்டமும் இயற்றவில்லை, எந்தப் போரும் நடத்தவில்லை. மாறியது யார்?

கிராண்டின் கதை இதற்கு மிகத் தெளிவான சான்று. உள்நாட்டுப் போருக்குப் பின் தென் மாநிலங்களில் விடுதலை பெற்ற கறுப்பின மக்கள் வாக்களித்தனர், சட்டமன்றங்களில் அமர்ந்தனர், பொதுப் பள்ளிகளை உருவாக்கினர். இதைப் பொறுக்காத பழைய அடிமை உடைமையாளர்களின் ஆயுதக் கும்பலே கு கிளக்ஸ் கிளான். அதை ஒடுக்க 1870, 1871 ஆண்டுகளில் கடுமையான சட்டங்கள் இயற்றப்பட்டன. தென் கரோலினாவில் படைகளை ஏவி அக்கும்பலை முறியடித்தது கிராண்டின் அரசு. ஆனால் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் வில்லியம் டன்னிங்கும் அவருடைய மாணவர்களும், அந்த மறுகட்டமைப்புக் காலம் முழுவதையும் ‘தகுதியற்ற கறுப்பர்களின் ஊழல் ஆட்சி’ என்று எழுதிவைத்தனர். அதுவே பல்கலைக்கழகங்களின் பாடமாகியது. 1948-இல் மதிப்பெண் இட்ட தலைமுறை அந்தப் பாடத்தைப் படித்து வளர்ந்தது. கிராண்ட் ‘தோல்வியுற்றவர்’ ஆனது அந்தப் பின்னணியில்தான்.

இந்தப் பொய்மையை எதிர்த்து, கறுப்பின அறிஞர் டு பாய்ஸ் 1935-இலேயே ‘அமெரிக்காவில் கறுப்பு மறுகட்டமைப்பு’ என்ற பெருநூலை எழுதினார். மார்க்சிய நோக்கில், கறுப்பு உழைப்பாளியை வரலாற்றின் மையத்தில் நிறுத்திய நூல் அது. அமெரிக்க வரலாற்றுத் துறையின் முதன்மை ஆய்விதழ் அதற்கு ஒரு மதிப்புரைகூட வெளியிடவில்லை. அந்நூல் சொன்ன உண்மையை வரலாற்றுத் துறை ஏற்றுக்கொள்ள மாண்ட்கோமரி பேருந்துப் புறக்கணிப்பும், செல்மா பேரணியும், தெருக்களில் சிந்திய ரத்தமும் தேவைப்பட்டன. இயக்கம் பல்கலைக்கழகத்தின் கதவை உடைத்த பிறகே புதிய ஆய்வாளர்கள் உள்ளே வந்தனர். அதன் பிறகே கிராண்ட் பட்டியலில் ஏறத் தொடங்கினார்.

ஜாக்சனின் சரிவும் இவ்வாறே. 1830-இல் பூர்வகுடிகளை அகற்றும் சட்டத்தில் கையெழுத்திட்டவர் அவர். அதன் விளைவாக 1838-39-இல் செரோக்கி மக்கள் ஏறத்தாழ 16 ஆயிரம் பேர் தம் மண்ணிலிருந்து விரட்டப்பட்டனர்; சுமார் நான்காயிரம் பேர் மடிந்தனர். ‘கண்ணீர்ப் பாதை’ என்று அந்த நெடுவழி இன்றும் அழைக்கப்படுகிறது. பட்டியலைத் தொடங்கிய பேராசிரியரின் மகன் இளைய ஷெல்சிங்கர் 1945-இல் ஜாக்சனின் காலம் குறித்து எழுதிய புகழ்பெற்ற நூல், புலிட்சர் பரிசு பெற்றது. அந்த வெளியேற்றத்தைப் பற்றி அந்நூல் அநேகமாக எதுவும் பேசவில்லை. தகவல் கிடைக்காமல் போனதல்ல காரணம்; அந்த மக்கள் அவருடைய ஜனநாயகக் கதைக்குள் இடம் பெறவில்லை. 1960-களின் இறுதியிலிருந்து பூர்வகுடி மக்கள் எழுப்பிய போராட்டங்களே அவர்களை அக்கதைக்குள் கொண்டுவந்தன.

ஆக, இறந்த தலைவர்களின் இடத்தை மாற்றியது உயிருள்ள மக்களின் போராட்டம். நிபுணர்களின் பட்டியல் அப்போராட்டத்தைச் சில பத்தாண்டுகள் தாமதமாகப் பதிவு செய்தது. காலம் கடந்து வரும் அந்த எதிரொலியையே வரலாற்றின் இறுதித் தீர்ப்பு என்று சொல்வது எப்படிச் சரியாகும்?

நாற்காலியும் அதன் கால்களும்

பட்டியலின் இன்னொரு அடிப்படைக் கோளாறு, அது தனிமனிதர்களை மட்டுமே நிறுத்துப் பார்க்கிறது என்பது. லிங்கன் முதலிடம் என்கிறார்கள். தோட்டங்களை விட்டு லட்சக்கணக்கில் வெளியேறி, தென்னகத்தின் பொருளாதாரத்தையே முடக்கிய அடிமைகளின் செயலை டு பாய்ஸ் ஒரு பொது வேலைநிறுத்தம் என்றே வருணித்தார். ஏறத்தாழ 1,80,000 கறுப்பின வீரர்கள் வடக்கின் ராணுவத்தில் சேர்ந்து போரிட்டனர். அவர்களுக்கு எந்த வரிசையில் இடம்?

ரூஸ்வெல்ட் மகத்தானவர் என்கிறார்கள். 1934-இல் டொலிடோவிலும் மின்னியாபொலிசிலும் சான் பிரான்சிஸ்கோவிலும் தொழிலாளர்கள் நடத்திய மாபெரும் வேலைநிறுத்தங்களுக்கு மறு ஆண்டில்தான் கூட்டுப்பேர உரிமையை உறுதி செய்யும் வாக்னர் சட்டம் வந்தது. அச்சட்டத்துக்கு உயிர் கொடுத்தது, பிளின்ட் நகர ஜெனரல் மோட்டார்ஸ் ஆலைக்குள் 44 நாட்கள் உள்ளிருப்புப் போராட்டம் நடத்திய தொழிலாளர்கள். விவசாயத் தொழிலாளரையும் வீட்டு வேலை செய்வோரையும் அச்சட்டத்தின் வரம்புக்கு வெளியே நிறுத்தியது, தென் மாநில நிலவுடைமையாளர்களுடன் செய்துகொண்ட சமரசம். இந்த இரண்டு பக்கமும் இல்லாமல் ரூஸ்வெல்டைப் புரிந்துகொள்ள முடியாது. மதிப்பெண் அட்டையிலோ இரண்டுக்கும் இடமில்லை.

மார்க்ஸ் இப்பிரச்சனையை நன்கு அறிந்திருந்தார். லூயி போனபார்ட்டின் ஆட்சிக் கவிழ்ப்பைக் குறித்து விக்டர் ஹ்யூகோவும் எழுதினார். மார்க்சும் ‘பதினெட்டாம் புருமேர்’ நூலை எழுதினார். ஹ்யூகோ போனபார்ட்டை வசைமாரி பொழிந்து சிறுமைப்படுத்த முனைந்தார். அதன் இரண்டாம் பதிப்புக்கு 1869-இல் எழுதிய முன்னுரையில் மார்க்ஸ் சுட்டிக்காட்டியது இதுதான்: எல்லாவற்றையும் ஒரு மனிதனின் வன்செயலாகக் காட்டுவதன் மூலம் ஹ்யூகோ தம்மை அறியாமலே அவனைப் பெரியவனாக்கிவிட்டார். ஓர் அற்பன் நாயக வேடம் பூணுவதற்கான சூழலை வர்க்கப் போராட்டம் எவ்வாறு உருவாக்கியது என்பதைக் காட்டுவதே தம் பணி என்றார் மார்க்ஸ். டிரம்புக்குக் கடைசி இடம் கொடுத்து நிம்மதி அடைவது ஹ்யூகோ செய்த அதே பிழை. ஆலைகள் மூடப்பட்ட நகரங்களும், உயராத கூலியும், நிறவெறியும், அவற்றுக்கு மாற்று வைக்காத ஜனநாயகக் கட்சியும் டிரம்பை உருவாக்கின. அவற்றுக்கு யார் மதிப்பெண் போடுவது?

நம்முடைய ஐயமும் அவர்களுடைய ஐயமும்

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். நிபுணர்களின் பட்டியலை ஐயுறுபவர்கள் நாம் மட்டும் அல்லர். ஜான் கென்னடியும் ஐயுற்றார். அந்த நாற்காலியில் அமராத, அந்த மேசைக்கு வரும் கடிதங்களையும் தகவல்களையும் படிக்காத எவருக்கும் ஒரு ஜனாதிபதிக்கு மதிப்பெண் போடும் உரிமை இல்லை என்பது அவர் வாதம். இது ஆள்வோரின் ஐயம். ஆண்டவன் மட்டுமே ஆண்டவனை மதிப்பிடலாம் என்றால், ஆளப்பட்டவனுக்கு வாயே இல்லை. நம் வாதம் நேர் எதிரானது: நாற்காலியில் அமர்ந்தவரை மதிப்பிடும் முதல் உரிமை, அந்த நாற்காலியின் பாரத்தைச் சுமந்தவர்களுக்கே உண்டு.

டிரம்பும் நிபுணர்களை ஐயுறுகிறார். 2025 மார்ச்சில் அவர் பிறப்பித்த ஆணை, ஸ்மித்சோனியன் அருங்காட்சியகங்களில் அடிமை முறையும் நிறவெறியும் எவ்வாறு காட்டப்பட வேண்டும் என்பதில் தலையிட்டது. நம் நாட்டில் 2023-இல் தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழுமத்தின் பாடநூல்களிலிருந்து முகலாய அரசவை பற்றிய பாடமும், 2002 குஜராத் வன்முறை பற்றிய பகுதிகளும், காந்தி படுகொலையைத் தொடர்ந்து ஆர்.எஸ்.எஸ். தடை செய்யப்பட்டது பற்றிய வரிகளும் நீக்கப்பட்டன. வரலாற்றாசிரியர்களை ‘இடதுசாரிக் கும்பல்’ என்று வசைபாடுவோர், அவர்களின் ஆவணங்களையும் ஆதாரங்களையும் அழிக்க விரும்புகிறார்கள். அந்தக் கூட்டத்தோடு நமக்கு எந்த உறவும் இருக்க முடியாது.

வேறுபாடு எளியது. வரலாற்றாசிரியர் ஆவணத்தைத் தோண்டி எடுத்து, இன்ன நாளில் இன்னது நடந்தது, இத்தனை பேர் மாண்டனர் என்று நிறுவும்போது, அவர் பக்கம் உறுதியாக நிற்பது நம் கடமை. இந்தக் கட்டுரையில் பட்டியலுக்கு எதிராக வைக்கப்பட்ட ஒவ்வொரு தகவலும் வரலாற்றாசிரியர்களின் உழைப்பால் கிடைத்ததே. அதே வரலாற்றாசிரியரிடம் ஓர் அட்டையைக் கொடுத்து, ‘அறநெறிக்கு எத்தனை, தொலைநோக்குக்கு எத்தனை’ என்று கேட்டு, கிடைத்த எண்களைக் கூட்டிச் சராசரி எடுத்து அறிவியல் என்று விற்பதையே நாம் மறுக்கிறோம். ஆய்வுக்கு ஆதாரம் உண்டு. அதைச் சரிபார்க்கலாம், மறுக்கலாம். கருத்துகளின் சராசரியைச் சரிபார்ப்பது எப்படி?

நம் கைபேசிக்கு வரும் பட்டியல்கள்

நம் நாட்டில் பேராசிரியர்களின் பட்டியலைவிட, ‘உலகத் தலைவர்களில் முதலிடம்’ என்ற விளம்பரமே அதிகம் உலவுகிறது. மார்னிங் கன்சல்ட் என்ற அமெரிக்க நிறுவனத்தின் இணையவழிக் கருத்துக்கணிப்பில் பிரதமர் மோடிக்கு 70 சதவீதத்துக்கும் மேல் ஆதரவு என்று பெருமுதலாளித்துவ ஊடகங்கள் ஆண்டுதோறும் பறைசாற்றுகின்றன. இந்தியாவில் தன்னுடைய மாதிரி எழுத்தறிவு பெற்ற மக்களையே பிரதிநிதித்துவப்படுத்துகிறது என்று அந்நிறுவனமே குறிப்பிடுகிறது. அந்தக் குறிப்பை ஊடகங்கள் சொல்வதில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, ஏழு வயதுக்கு மேற்பட்டோரில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் எழுத்தறிவு பெறாதவர். அவர்களோடு, இணைய வசதி இல்லாத விவசாயத் தொழிலாளியும் செங்கல் சூளையில் வேலை செய்யும் பெண்ணும் அந்தக் கணக்கில் சேர வழியில்லை. 2024 மக்களவைத் தேர்தலில் பாஜகவுக்குக் கிடைத்தது 37 சதவீதத்துக்கும் குறைவான வாக்கு, 240 இடங்கள். ஆதரவு என்பதும் வாக்கு என்பதும் ஒன்றல்ல என்றாலும், எந்த எண்ணை முழங்கி எந்த எண்ணை அடக்கி வாசிக்கிறார்கள் என்பது கவனத்துக்குரியது.

இத்தகைய வரிசைகள் வெறும் விளம்பரத்தோடு நின்றுவிடுவதில்லை. உலக வங்கியின் ‘தொழில் செய்வதில் எளிமை’ பட்டியலில் இந்தியா 142-ஆவது இடத்திலிருந்து 63-ஆவது இடத்துக்கு முன்னேறியது மோடி அரசின் மாபெரும் சாதனையாகக் காட்டப்பட்டது. அந்த வரிசையில் மேலே ஏற வேண்டும் என்பதே தொழிலாளர் சட்டங்களைத் தளர்த்தவும் ஆய்வாளர்களின் சோதனைகளைக் குறைக்கவும் காரணமாகச் சொல்லப்பட்டது. 2021 செப்டம்பரில், தரவுகளில் முறைகேடுகள் நடந்தது வெளிவந்ததால், உலக வங்கி அந்தப் பட்டியலையே கைவிட்டது. பட்டியல் போய்விட்டது, அதன் பெயரால் பறிக்கப்பட்ட உரிமைகள் திரும்பவில்லை.

இந்த இடத்தில் நம் தோழர்களுக்கும் ஒரு கேள்வி உண்டு. நமக்கு ஆகாதவரைக் கடைசியில் வைக்கும் பட்டியலையும், நாம் மதிப்பவரை முதலில் வைக்கும் பட்டியலையும் கண்டவுடன் பகிர்கிறோம். நாளை அதே நிறுவனம் வரிசையைப் புரட்டிப் போட்டால் என்ன சொல்வோம்? நேற்று அதன் தராசை ஏற்றுக்கொண்டவர்கள் இன்று அதன் தீர்ப்பை மறுப்பது மக்கள் முன் எடுபடாது. கேரளத்தின் மேன்மையைச் சொல்ல ‘சிறந்த முதல்வர்’ பட்டியல் தேவையில்லை. 2020-ஆம் ஆண்டு மாதிரிப் பதிவுக் கணக்கின்படி, ஆயிரம் பிறப்புகளில் ஒரு வயதுக்குள் இறக்கும் குழந்தைகள் நாடு முழுவதும் 28, கேரளத்தில் 6. இது யாருடைய கருத்துமல்ல. எண்ணிப் பார்த்த கணக்கு. அந்த எண்ணுக்குப் பின்னால் ஒரு தலைவரின் பெயர் மட்டும் இல்லை. நிலச்சீர்திருத்தம் உண்டு, பள்ளிகளும் ஆரம்ப சுகாதார நிலையங்களும் உண்டு, அவற்றுக்காகப் போராடிய தலைமுறைகள் உண்டு.

எப்படி மதிப்பிடுவது?

தலைவர்களை மதிப்பிடவே கூடாது என்பதல்ல நம் நிலைப்பாடு. உழைக்கும் வர்க்கம் எப்போதும் மதிப்பிட்டே வந்திருக்கிறது. அதற்கு ஒரு சிறந்த முன்னுதாரணமும் உண்டு. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது வடக்கின் கடற்படை தென்னகத் துறைமுகங்களை முற்றுகையிட்டது. பருத்தி வராமல் இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகள் மூடப்பட்டன; நெசவுத் தொழிலாளர் குடும்பங்கள் பட்டினியில் வாடின. முற்றுகையை உடைக்க வேண்டும், தென்னக அடிமை உடைமையாளர்களை அங்கீகரிக்க வேண்டும் என்று ஆளும் வர்க்கத்தில் ஒரு பகுதி துடித்தது. 1862 டிசம்பர் 31 அன்று மான்செஸ்டர் தொழிலாளர்கள் கூட்டம் கூட்டி, அடிமை முறையை ஒழிக்கும் போரில் தாங்கள் லிங்கனின் பக்கம் நிற்பதாகக் கடிதம் எழுதினர். லிங்கன் அடுத்த மாதமே பதில் அனுப்பினார். 1864-இல் அவர் மீண்டும் தேர்ந்தெடுக்கப்பட்டபோது, முதலாவது அகிலத்தின் சார்பில் வாழ்த்து மடலை வரைந்தவர் கார்ல் மார்க்ஸ்.

அந்தத் தொழிலாளர்கள் லிங்கனுக்கு மதிப்பெண் போடவில்லை. அவர் குறையற்றவர் என்றும் கருதவில்லை. அந்தத் தருணத்தில் அவருடைய கையெழுத்து எந்த வர்க்கத்தின் விலங்கை உடைக்கிறது என்று பார்த்தார்கள். அதற்கு ஆதரவாகத் தங்கள் பசியையே எடைக்கல்லாக வைத்தார்கள்.

நமக்கு வேண்டிய அளவுகோலும் அதுவே. ஒரு தலைவரின் ஆட்சியில் கூலி உயர்ந்ததா, நிலம் உழுபவனிடம் வந்ததா, சங்கம் வைக்கும் உரிமை விரிந்ததா சுருங்கியதா, சிறையில் இருந்தவர்கள் யார், போரில் மாண்டவர்கள் யார், சாதியாலும் மதத்தாலும் ஒடுக்கப்பட்டோர் நிமிர்ந்து நடக்க முடிந்ததா என்று கேட்போம். விடைகளை ஆதாரத்தோடு திரட்டுவோம். கிளைக் கூட்டங்களிலும் வாசகர் வட்டங்களிலும் அவற்றை விவாதிப்போம். அடுத்த பட்டியல் கைபேசிக்கு வந்து சேரும்போது, அதில் யார் முதலிடம் என்று பார்ப்பதற்கு முன், அந்த ஆட்சியில் சிறை சென்ற டெப்ஸ் யார் என்று தேடுவோம்.